ஒரே ஷாஃப்ட்

பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது ஏசிக்குள்ளே ப்ளோயர் சுற்றிக்கொண்டிருந்தால், எப்பேர்ப்பட்ட மெக்கானிக்குக்கும் ஒரு நிமிஷம் பயம் வரத்தான் செய்யும். கூலிங்குக்கும் வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கூலிங் என்பது அவன் பெயரில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், எவ்வளவு ஓட்டை ஏசியாக இருந்தாலும், "கவலைப்படாதீங்க, கூலிங் வந்துடும்" என்றுதான் ஆரம்பிப்பான். வாடிக்கையாளர்கள் வைத்த பட்டம் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டது. இப்போதெல்லாம் அவன் மனைவிக்கே கோபம் வந்தால்தான் அவனுடைய சொந்தப் பெயர் ஞாபகம் வரும்.

இந்த ஏசி ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பழைய ரகம். வாங்கியபோது வெள்ளையாக இருந்திருக்கலாம். இப்போது காமாலை பிடித்த மாதிரி மஞ்சள். முன்மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். காற்று வெளிவரும் வாய்க்குள், தூசு படிந்த ப்ளோயர் மெதுவாக, மிக மெதுவாக, யாரோ யோசித்துக்கொண்டே திருப்புகிற மாதிரி சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் 'க்ரீச்' என்று ஒரு சின்ன முனகல்.

இதற்குக் காரணம் சொல்ல அவனுக்குத் தெரியாதா என்ன? இந்த ரகத்தில் ஒரே மோட்டார், ஒரே ஷாஃப்ட். அதன் இந்தப் பக்க முனையில், அறைக்குள் காற்றை அனுப்புகிற ப்ளோயர். அந்தப் பக்க முனையில், ஜன்னலுக்கு வெளியே இறக்கை வைத்த ஃபேன். ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே ஆக வேண்டும். வெளியே காற்று அடித்து அந்த இறக்கை திரும்பினால், கரண்ட் இல்லாவிட்டாலும் இங்கே ப்ளோயர் திரும்பும். இதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா?

பெட்டிக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாகப் பார்த்தான். எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் ஒரு போர்வை காய்ந்துகொண்டிருந்தது. மாலை வெயிலில் அது தொங்கியது தொங்கியபடியே இருந்தது. மருந்துக்குக்கூடக் காற்று இல்லை.

விரலை உள்ளே விட்டு ப்ளோயரைத் தொட்டான். நின்றது. எடுத்தான். சுற்றியது. மறுபடி வைத்தான். இந்த முறை அது நிற்காமல் விரலை லேசாகத் தள்ளியது. விட்டது. மறுபடியும் தள்ளியது. பிறகு, அவன் விரலை எடுப்பதற்குள், எதிர்ப்பக்கமாகத் திரும்பி விரலை உள்ளே இழுத்தது.

வெடுக்கென்று கையை உருவிக்கொண்டான். கூட வேலைக்கு வந்த மாப்பிள்ளைதான். வேறு யார்? வெளிப்பக்கமாக ஏறி இறக்கையைப் பிடித்து விளையாடுகிறான், கொழுப்பு! பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினால், மாப்பிள்ளை அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஒரு தோளில் டூல்ஸ் பை, இன்னொரு தோளில் சுருட்டிய கயிறு. இப்போதுதான் படியேறி வந்த மூச்சிரைப்பு.

கூலிங் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று போய்ப் பல நாள் ஆகிறது.

மாப்பிள்ளை என்றால் கூலிங்கின் தங்கை புருஷன். கெட்டிக்காரன், வேலையில் சுத்தம், நாலு பேர் நடுவில் தங்கமானவன். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டால் கை நீட்டுவான். தங்கை உதடு வீங்கி, இடுப்பில் குழந்தையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்ற நாளிலிருந்து கூலிங்குக்குச் சோறு இறங்கவில்லை. அவனைக் கூறு போட்டுவிடுகிறேன் என்று கிளம்பினவனை அவள்தான் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "அவர் மேல கை வைக்காதண்ணா. இன்னொரு தடவை நடந்தா நானே பொட்டியோட வந்துடறேன். அதுவரைக்கும் சாயங்காலமானா அவரை முழுசா வீட்டுக்கு அனுப்பி வை. எனக்காக." சத்தியம் வாங்கிக்கொண்டுதான் திரும்பிப் போனாள். இன்று காலைகூடப் போன் செய்து, "ஞாபகம் இருக்கில்ல?" என்று கேட்டாள்.

ஞாபகம் இருந்தது. அதனால்தான் ஒரே வண்டியில் போகிறார்கள், ஒரே வேலையைப் பார்க்கிறார்கள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசாமல் எப்படி வேலை நடக்கும் என்று கேட்டால், அதற்குத்தான் தட்டு இருக்கிறது. ஜன்னல் ஏசியில் ஒருத்தன் உள்ளே, ஒருத்தன் வெளியே இருந்து வேலை செய்யும்போது குரல் கேட்காது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் பெட்டியில் ஒரு தட்டு தட்டினால் 'போடு'. இரண்டு தட்டினால் 'நிறுத்து'. சடசடவென்று அடித்தால் 'பிளக்கைப் பிடுங்கு'. இது அவர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்டது. சண்டைக்குப் பிறகு வண்டியிலும் இதே கதைதான். கிளம்பலாம் என்றால் மாப்பிள்ளை கதவில் ஒரு தட்டு, டீக்கு நிறுத்து என்றால் இரண்டு. ஏழு கழுதை வயசான ரெண்டு பேர் செய்கிற காரியம்.

"போன்ல ஒருத்தர்தான் வர்றதாச் சொன்னீங்க?"

மாப்பிள்ளைக்குப் பின்னாலிருந்து வீட்டம்மா கேட்டாள். ஐம்பது வயதிருக்கும். வந்ததிலிருந்து ஒரு தடவைகூட இந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்று பேசினாள்.

"கூட ஒரு ஆள் இருந்தாத்தான்மா வேலை ஓடும்" என்றான் கூலிங்.

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். துணிக்கடையில் எதை எடுப்பது என்று பார்க்கிற பார்வை அது. கூலிங்குக்குச் சுருக்கென்றது.

"கவலைப்படாதீங்க, கூலிங் வந்துடும். பெட்டியை முழுசா வெளிய இழுத்து ஹால்ல வச்சுட்டோம்னா—"

"இழுக்கக் கூடாது."

"இல்லம்மா, ஃபேன் பின்பக்கம் இருக்கு. இழுக்காம எப்படி—"

"அந்த ஜன்னல்லேருந்து அதை எடுக்கவே கூடாது. எடுத்தா ஓட்டையா நிக்கும்."

"ஒரு மணி நேரம்தானேம்மா. பலகை வச்சு மறைச்சுடறோம்."

"பலகை தாங்காது" என்றாள் வீட்டம்மா.

எதைத் தாங்காது என்று கேட்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கத் தோன்றவில்லை.

"எனக்குக் குளிரெல்லாம் வேணாம். ஃபேன் ஓடணும், அவ்வளவுதான். முந்தாநாள்லேருந்து விட்டு விட்டு நிக்குது. இருட்டறதுக்குள்ள ஓட வச்சுடுங்க."

"கூலிங்கே வேணாமாம்" என்று மாப்பிள்ளை சுவரைப் பார்த்துச் சொன்னான். கூலிங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாது என்ற ஞாபகமும் கூடவே வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அறை காலியாக இருந்தது. கட்டில் கிடந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம். பீரோவை இழுத்துக்கொண்டு போன கீறல் வாசல் வரை. சுவரில் ஆணிகள் மட்டும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. வெளிப்பக்கம் ஒன்று, புத்தம் புதுசு, பளபளவென்று. பணக்காரப் பைத்தியங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறான். இதுவும் ஒன்று என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை வெளிப்பக்கமாகப் போக வேண்டியதாயிற்று. அறைக்குள்ளேயே கதவு வைத்து, ஒட்டினாற்போல் ஒரு குளியலறை. அதன் ஜன்னல் வழியாக இறங்கினால் சுவர் நெடுகிலும் ஒரு சன்ஷேடு, ஒரு ஆள் உட்காரும் அகலம். அதில் நகர்ந்து போய் ஏசியின் பின்பக்க மேல்மூடியைக் கழற்றினால் இறக்கை கைக்கு எட்டும். கீழே இரண்டு மாடி ஆழத்தில் ஆள் நடமாட்டமில்லாத சந்து. மாப்பிள்ளை கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையைக் குளியலறைக் குழாயில் முடிந்தான். கூலிங் முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். சத்தியம் செய்திருக்கிறானே.

மாப்பிள்ளை ஜன்னலில் ஒரு காலைப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தான். பிறகு இறங்கிவிட்டான்.

முதல் காரியமாகக் கூலிங் கம்ப்ரஸருக்குப் போகும் ஒயரைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கினான். ஃபேனைச் சோதிக்கும்போது அது சும்மா ஓட வேண்டாம். கம்ப்ரஸர் ஓடாவிட்டால் இது ஏசியே இல்லை, வெறும் காற்றாடிப் பெட்டி. பிறகு கெப்பாசிட்டர். ஃபேன் மோட்டாரை முதலில் உந்திவிடுவது அதுதான். அது செத்துப் போனால் மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமும், சுற்றாது. பழையது வீங்கிப் போயிருந்தது. பாதிப் பயம் அப்போதே போய்விட்டது. இதுதான் வியாதி. இவ்வளவுதான் விஷயம். புதுசை மாட்டினான்.

வெளியே மூடியின் ஸ்க்ரூ கழல்கிற கிறீச்சொலி கேட்டது. தகரம் நகர்ந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை.

ஒரு தட்டு.

பிளக்கைச் செருகி ஸ்விட்ச்சைப் போட்டான். மோட்டார் உறுமியது. சுற்றவில்லை. உறுமல் ஏறிக்கொண்டே போனது.

இரண்டு தட்டு. நிறுத்தினான்.

புது கெப்பாசிட்டர் போட்டும் சுற்றவில்லை என்றால் ஷாஃப்ட் இறுகியிருக்க வேண்டும். இறுகியிருந்தால் கையால் திருப்ப முடியாது. ப்ளோயரைத் திருப்பிப் பார்த்தான். எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அப்படியானால் இறுகவில்லை. கரண்ட் வரும்போது மட்டும் வெளியே எதுவோ இறக்கையைப் பிடித்துக்கொள்கிறது.

மாப்பிள்ளை பிடித்துப் பார்க்கிறானோ? ஓடுகிற மோட்டாரில் எந்த மடையன் கையை வைப்பான்?

குனிந்து ஏசியின் வாய்க்குள் டார்ச் அடித்தான். தூசு. கறுப்பாகப் பாசி. பழைய ஏசிக்கென்று ஒரு வாடை உண்டு. ஈரத் துணி, எலிப் புழுக்கை, துரு. எல்லாம் பழகியது. இது அதில்லை. நீண்ட நாள் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறவர்களின் வாயிலிருந்து வருகிற வாடை. ஃபேன் நின்றிருந்தது, பிளக்கையும் பிடுங்கியாகிவிட்டது, ஆனாலும் அந்த வாயிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று முகத்தில் பட்டது. நின்றது. பிறகு நெற்றி முடியை உள்ளே இழுத்தது. நின்றது. மறுபடி வெளியே வந்தது.

கூலிங் பின்னால் நகர்ந்தான். சுவரில் முதுகு இடித்தது. கத்திக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது. 'மாப்ள, அங்க என்னடா இருக்கு?' அவ்வளவுதான், நாலு வார்த்தை. தொண்டை வரை வந்தது. நான் ஏன் முதலில் பேச வேண்டும், அடித்தவன் அவன், பேச வேண்டியவனும் அவன்தான் என்று நெஞ்சில் ஒன்று குறுக்கே விழுந்து மறித்தது. வீறாப்பு என்றால் அப்படி ஒரு வெட்டி வீறாப்பு.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இடுக்கில் தெரிந்த போர்வை சாம்பல் நிறமாகிவிட்டது. ஹாலில் வீட்டம்மா நடந்துகொண்டே இருந்தாள். செருப்புச் சத்தம் ஒரு கோடிக்குப் போகும், திரும்பி வரும்.

"ஆச்சா?" என்றாள் வாசலிலிருந்து.

"பாத்துக்கிட்டிருக்கோம்மா. இதுக்கு முன்னாடி யார் பாத்தது இதை?"

"வந்தார் ஒருத்தர்."

"என்ன சொன்னார்?"

"வெளிய போனார்" என்றாள். செருப்புச் சத்தம் மறுபடி நகர்ந்தது.

ஒரு தட்டு.

பிளக்கைச் செருகினான். கை ஸ்விட்ச்சில் இருந்தது. போடவில்லை. திடீரென்று, கூப்பிடாமலே, அந்த எண்ணம் வந்தது. மாப்பிள்ளையின் கை இப்போது உள்ளே இருந்தால்? அந்தக் கைதான். தங்கையின் உதட்டைக் கிழித்த கை. இறக்கை தகரம்தான், ஆனால் கத்தி மாதிரி தகரம். தெரியாமல் நடந்தது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? இவன் சத்தியத்தை மீறினதாகக்கூட ஆகாதே. உள்ளுக்குள் ஓரிடம் ஜில்லென்று சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவனே அரண்டு போனான். ச்சீ, என்ன மனுஷன் நான்.

ஒரு தட்டு. கொஞ்சம் அழுத்தமாக. 'போடுன்னா போடேன்' என்கிற மாதிரி.

அவனே கேட்கிறான். கை உள்ளே இருந்தால் கேட்பானா? கூலிங் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்விட்ச்சைத் தட்டினான்.

மோட்டார் உறுமியது. ஒரு விநாடி திணறியது. பிறகு வெளியே ஏதோ சதக்கென்று வழிவிட்டது. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

நன்றாகவே சுற்றியது. சீராக, வேகமாக, இரைச்சலே இல்லாமல். அறை முழுக்கக் காற்று வந்து நிறைந்தது. "ஓடிடுச்சும்மா!" என்று சொல்லத் திரும்பினவன் பாதியில் நின்றான்.

காற்று குளிர்ந்தது.

சாதாரணக் குளிரில்லை. பல் கூசுகிற குளிர். கை முடி குத்திட்டு நின்றது. குனிந்து பார்த்தான். கம்ப்ரஸர் ஒயர் அவன் சுற்றி வைத்த டேப்போடு தரையில் தனியாகக் கிடந்தது. இந்தப் பெட்டி குளிர வழியே இல்லை. இத்தனை வருஷ வேலையில் அவன் கற்றதெல்லாம் பொய்யாக இருந்தாலொழிய, வழியே இல்லை.

"ஓடுதா?" வீட்டம்மா வாசலில் நின்றாள். முதன்முறையாக அவள் முகம் தளர்ந்திருந்தது. கண்ணில் தண்ணீர். "ஓடுதா? அப்பாடா. நிறுத்திடாதீங்க."

சடசடசடசட.

'பிளக்கைப் பிடுங்கு.' மேல் மூலையில், கூர்மையாக, தகரத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடி. வெறி பிடித்த அடி.

கூலிங் பிளக்கிடம் பாய்ந்தான். "நிறுத்தாதீங்க!" என்று அவள் அலறினாள். சடசடவென்ற அந்த அடிக்கு நடுவிலேயே, பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்து, நிதானமாக, மிருதுவாக, இன்னொன்று கேட்டது.

ஒரு தட்டு.

அது ஸ்க்ரூடிரைவர் சத்தமில்லை. நகம். அல்லது எலும்பு. இதுவரை 'போடு' என்று வந்த அத்தனையும் அந்தச் சத்தம்தான். ஒவ்வொன்றாக அவன் காதில் திரும்பக் கேட்டது. 'நிறுத்து' என்றது மட்டும்தான் மாப்பிள்ளை.

பிளக்கை எப்படிப் பிடுங்கினான் என்று தெரியாது. பிடுங்கினான். கையில் இருந்தது. பித்தளை முள் சுட்டது.

ஃபேன் நிற்கவில்லை.

சடசட அடங்கியது. இரண்டு தட்டு. களைத்துப் போன இரண்டு தட்டு. அப்புறம் அதுவும் இல்லை.

"மாப்ள!"

எத்தனையோ நாளுக்கு அப்புறம் முதல் வார்த்தை. சுவர் அதை வாங்கிக்கொண்டது. "மாப்ள! டேய்! என்னடா ஆச்சு?" சுற்றுகிற ஃபேனின் சீரான ஓசை மட்டும். அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. செருப்புச் சத்தம் வேகமாகப் படியிறங்கிப் போனது.

"அம்மா! கதவைத் தெறங்க! பாவி, தெறடி கதவை!"

கதவை உதைத்துப் பார்த்தான். தேக்கு. அசையவில்லை. நின்று யோசிக்க நேரமில்லை. குளியலறைக்கு ஓடினான். குழாயில் கயிறு விறைப்பாக நின்றது. ஜன்னலில் தலையை நீட்டினான்.

பொழுது சாய்ந்த சாம்பல் வெளிச்சம். சன்ஷேடில் மாப்பிள்ளை மண்டி போட்டிருந்தான். ஏசிப் பெட்டியைக் கட்டிக்கொண்ட மாதிரி, கன்னத்தைத் தகரத்தில் அழுத்திக்கொண்டு. வலது கை தோள்பட்டை வரை உள்ளே போயிருந்தது. அந்தப் பெட்டியின் ஆழம் கூலிங்குக்குத் தெரியும். இறக்கைக்கும் அதை ஒட்டியிருக்கும் காயில் குழாய்களுக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை போகும். முழங்கைகூடப் போகாது. ஒரு முழுக் கைக்கு அங்கே இடமே கிடையாது.

கூலிங் இறங்கினான். உயரம் என்றால் அவனுக்கு ஆகாது. இப்போது அது நினைவிலேயே இல்லை. சுவரைத் தடவித் தடவி நகர்ந்தான். வாயில் வந்ததையெல்லாம் பேசிக்கொண்டே நகர்ந்தான், இத்தனை நாள் பேசாததையெல்லாம் சேர்த்து. "வந்துட்டேன்டா. இருடா. ஒண்ணுமில்ல. பயப்படாத. நான் இருக்கேன்டா, மாப்ள."

இடுப்பைச் சுற்றி வளைத்துப் பிடித்தான். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. உயிர் இருந்தது. அதுவரைக்கும் சந்தோஷம். ரத்தம் ஒரு சொட்டு இல்லை. மேல்மூடி திறந்து கிடந்தது. உள்ளே இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது. கை இருக்கும் அதே இடத்தில்தான் சுற்றியது, கை என்று ஒன்று அங்கே இல்லாத மாதிரி. அதற்கு அடியில் வெறும் இருட்டு. பெட்டியைவிட ஆழமான இருட்டு.

இழுத்தான். ஒரு அங்குலம் வந்தது. உள்ளேயிருந்து ஏதோ நிதானமாக அந்த ஒரு அங்குலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

"மச்சான்" என்றான் மாப்பிள்ளை. குரல் காற்றாகத்தான் வந்தது. கண் மட்டும் கூலிங் பக்கம் உருண்டது. "கையைப் பிடிச்சுக்கிச்சு மச்சான். வீட்டுக்கு வழி கேக்குது."

"என்னது?"

"சொல்லிட்டேன் மச்சான். வலி தாங்கல. சொல்லிட்டேன்."

அதோடு அவன் பேச்சு நின்றுவிட்டது.

சட்டைப் பையில் போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டான். நின்று, மறுபடி அடித்தது. யாராக இருந்தாலும் உதவிக்கு ஆள் அனுப்பச் சொல்லலாம் என்று தோன்றியது. ஒரு கையால் மாப்பிள்ளையை இறுக்கிக்கொண்டு, மறு கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். தங்கை.

"ஏண்ணா, வேலை அதுக்குள்ள முடிஞ்சுதா?" சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. "முழுசா அனுப்புன்னு சொன்னா, இவ்ளோ சீக்கிரமாவா அனுப்புவ?"

"யாரை?"

"யாரையா? உன் மாப்பிள்ளையத்தான். வந்துட்டாரு. இப்பதான் கதவைத் தெறந்தேன். என்னமோ மாதிரி இருக்காருண்ணா. உடம்பெல்லாம் ஜில்லுன்னு. ஆனா ஒரு கோவம் இல்ல, ஒரு சத்தம் இல்ல. என் கன்னத்தைத் தொட்டுப் பாத்தாரு. நீ ஏதாவது புத்தி சொன்னியா?"

"அவன்கிட்ட போகாத." கூலிங்கின் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "கேளு. நான் சொல்றதைக் கேளு. குழந்தையைத் தூக்கிக்க. வெளிய ஓடு. இப்பவே. அது அவனில்ல!"

"என்னண்ணா உளறுற? சரியாக் கேக்கல. அங்க என்ன ஃபேன் சத்தமா?"

"ஓடு! பாப்பாவைத் தூக்கிட்டு ஓடு!"

"பாப்பா அவர்கிட்ட போறா பாரு. அவரைக் கண்டாலே கதவுக்குப் பின்னாடி ஒளிவா, இன்னிக்கு என்ன அதிசயமோ. இருண்ணா, அவரே ஏதோ சொல்றாரு."

போன் கொஞ்சம் விலகியது. குழந்தையின் கொலுசுச் சத்தம். அதற்குப் பிறகு, தெளிவாக, அன்பாக, மாப்பிள்ளையின் குரல்.

"பாப்பா. அப்பாகிட்ட வா."

கூலிங் தன் பிடியில் இருந்த முகத்தைப் பார்த்தான். கண் இரண்டும் அவனையே பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சிக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கண்களுக்குக் கீழே உதடு மட்டும் தனியாக, சத்தமே இல்லாமல், அசைந்து முடித்தது. அப்பாகிட்ட வா.

"போயிட்டா பாருண்ணா" என்று தங்கை சிரித்தாள். "மடியில ஏறிட்டா."

அவன் பிடியில் இருந்த உதடு, அடுத்த வார்த்தைக்காக மெல்லத் திறந்தது.